காமிரா உள்ளுக்கு ஒரு லென்ஸ்

பெரிய கோயில் புல்தரையில் மாலை ஐந்தரைக்கு மேல் நாங்கள் நாலைந்து பேர் உட்காருவது வழக்கம். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். பேச்சு மேட்டூர் நீர்மட்டத்தில் ஆரம்பித்து சர்க்கரை மாத்திரையில் வந்து முடியும். போன வாரம் ஒரு மாறுதல். நண்பர் ஒருவர் தோளில் கேமராப் பையோடு வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன் புது மாதிரி கேமராவுக்கு மாறிவிட்டானாம். பழைய நிக்கான் டிஜிட்டல் எஸ்.எல்.ஆரை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"சார், வெளியில எடுத்தா பிரமாதமா வருது. வீட்டுக்குள்ள எடுத்தா எல்லாம் கலங்கிப் போயிடுது. இருட்டுல எடுக்கற மாதிரி ஒரு லென்ஸ் வாங்கணும். எல்லாரும் ஐம்பது வாங்குங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"உங்க வீட்டுல இருக்கறதிலேயே இருட்டான ரூம் எது? எத்தனை அடிக்கு எத்தனை அடி?" என்று கேட்டேன்.

"நான் லென்ஸ் கேட்டா நீங்க மனை அளக்கறீங்களே!" என்று சிரித்தார்.

அவர் சிரித்தாலும் அந்தக் கேள்வி சரியான கேள்விதான் என்பது என் கருத்து. அதைக் கேட்டுக்கொள்ளாமல் லென்ஸ் வாங்கி நான் ஒரு வருஷத்தைத் தொலைத்தவன். புல்தரையில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன். பிள்ளைகள் கொடுத்துவிட்டுப் போன கேமரா பல வீட்டு அலமாரிகளில் தூங்குகிறது. யாருக்காவது உபயோகப்படும்.

நான் கேமரா வாங்கியது 2013-ல், பணி ஓய்வுப் பணத்தில். நிக்கான் டி5200. கூடவே கொடுக்கும் 18-55 ஜூம் லென்ஸும் இருந்தது. கேமரா வாங்கிய தஞ்சாவூர்க்காரன் முதலில் எங்கே போவான்? நேரே பெரிய கோயில்தான். விடியலில் விமானம், வெயிலில் விமானம், மழைக்குப் பின் விமானம், நந்தி மண்டபத்துத் தூண்களுக்கு நடுவில் விமானம் என்று எடுத்துத் தள்ளினேன். இரண்டு வருஷத்தில் ஆயிரத்து நானூறு படம். எதுவும் குறை சொல்லும்படி இல்லை. ஊரில் விற்கும் தபால் அட்டைப் படத்தைவிட ஒன்றும் கூடுதலாகவும் இல்லை.

வெண்ணாற்றங்கரையில் ஒரு கிராமத்தில் என் பெரிய அக்கா இருந்தாள். அத்திம்பேர் காலமான பிறகும் அந்தப் பழைய வீட்டை விட்டு வர மாட்டேன் என்று தனியாக இருந்தாள். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. அந்த அறைக்கு எங்கள் பக்கத்தில் 'காமிரா உள்' என்று பேர். உங்களில் பலர் வீட்டிலும் இருந்திருக்கும். 'காமரா' என்பது போர்த்துகீசியர்கள் விட்டுப்போன சொல். அறை என்று அர்த்தம். படம் பிடிக்கும் பெட்டிக்கும் அந்தப் பெயர் வந்தது இருட்டறை என்ற பொருளில்தான். ஆக, அந்தச் சொல் நம் வீட்டுக்குள் வெகு காலமாகவே இருக்கிறது.

அக்கா வீட்டுக் காமிரா உள் எட்டடிக்குப் பத்தடி. ஒரே ஒரு ஜன்னல், மரக்கம்பி போட்டது. சந்துப் பக்கம் திறக்கும். பிற்பகல் நாலு மணிக்கு அந்த ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் விழும். அக்கா அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து, பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, வாழைநாரில் பூத் தொடுப்பாள். எண்பது வயதுக்கு மேல். கண் சரியாகத் தெரியாது. ஆனால் விரல்கள் தாமாக ஓடும்.

முதல் தடவை ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துவிட்டது. பின்னால் பெரிய கறுப்பு நிழல். ஜன்னல் வெளிச்சம் இருந்த இடமே தெரியவில்லை. "என்னடா இது, எக்ஸ்ரே எடுக்கறயா? கண்ணைக் குத்தறது" என்றாள். ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுத்தேன். முகம் சுமாராக வந்தது. விரல்கள் இருந்த இடத்தில் புகை மாதிரி ஒரு கலங்கல். எனக்கு வேண்டியிருந்ததே அந்த விரல்கள்தான்.

ஏன் அப்படி ஆனது என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது சுலபம். ஷட்டர் என்ற சொல் டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். மதகில் இருப்பது. வயலுக்கு இவ்வளவு தண்ணீர் வேண்டும் என்றால் இரண்டு வழி உண்டு. மதகு அகலமாக இருந்தால் சீக்கிரம் பாயும். குறுகலாக இருந்தால் வெகு நேரம் ஷட்டரைத் தூக்கி வைக்க வேண்டும். கேமராவிலும் அதே கணக்கு. லென்ஸின் துவாரம்தான் மதகின் அகலம். கேமரா ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது தண்ணீர் விடும் நேரம். துவாரம் சின்னதானால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் அக்காவின் விரல் ஒரு முடிச்சுப் போட்டு அடுத்த பூவை எடுத்துவிடும். படத்தில் இரண்டும் சேர்ந்து கலங்கும்.

லென்ஸ் மேல் எஃப் 1.8, எஃப் 4.5 என்று போட்டிருப்பது அந்தத் துவாரக் கணக்கு. லென்ஸின் குவிதூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண். ஆகவே எண் சிறியதானால் துவாரம் பெரியது. என் ஜூம் லென்ஸில் 35 எம்.எம். வைத்தால் கிடைக்கும் அதிகபட்சத் துவாரம் எஃப் 4.5. எஃப் 1.8 லென்ஸில் அதைப்போல ஆறு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அன்று காமிரா உள்ளில் என் கேமரா வைத்துக்கொண்ட நேரம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. ஆறு மடங்கு வெளிச்சம் கிடைத்திருந்தால் அறுபதில் ஒரு பங்கு போதும். பூத் தொடுக்கும் விரலை அந்த நேரத்தில் நிறுத்திவிடலாம்.

இதற்கு இரண்டு மாற்று சொல்வார்கள். ஐஎஸ்ஓவைக் கூட்டு என்பார்கள். ஓரளவு கூட்டலாம். அதற்குமேல் போனால் படத்தில் மணல் தூவின மாதிரி புள்ளிகள் வரும். லென்ஸிலேயே நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறதே என்பார்கள். என் ஜூம் லென்ஸிலும் அது இருந்தது. அது நம் கை நடுக்கத்துக்கு மருந்து. எதிரில் இருப்பவரின் அசைவுக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே பெரிய துவாரமுள்ள பிரைம் லென்ஸ் ஒன்று வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். பிரைம் என்றால் ஜூம் கிடையாது. ஒரே குவிதூரம். கிட்டே வேண்டுமானால் நாம் நடந்து போக வேண்டும். எல்லா இடத்திலும் படித்தேன், எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: 50 எம்.எம். எஃப் 1.8. விலை குறைவு, படம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று. 2014-ல் ஒரு கடையில் போய்க் கேட்டேன். இருப்பதிலேயே மலிவான 50-ஐ எடுத்துக் கொடுத்து, "இது போதும் சார்" என்றார் கடைக்காரர். நானும் கேமரா பெயரைச் சொல்லி விசாரிக்காமல் வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து மாட்டினால் ஃபோகஸ் தானாக ஆகவில்லை. பிறகுதான் விவரம் தெரிந்தது. நிக்கானில் பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அவற்றைத் திருப்ப வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. டி7000 வரிசையில் உண்டு. நம்மிடம் இருப்பது சின்ன கேமரா என்றால் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கும் லென்ஸைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஒரு எழுத்து வித்தியாசம். அதற்கு நான் கொடுத்த விலை ஒரு வருஷம்.

ஃபோகஸைக் கையால் திருப்பிச் சமாளிக்கலாம் என்று அதையே எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். காமிரா உள்ளில் எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றும் அக்காவின் முகமும் தோளும்தான் சட்டத்துக்குள் வந்தன. ஜன்னலைச் சேர்த்தால் கூடை போயிற்று. கூடையைச் சேர்த்தால் தலை போயிற்று. வாசற்படியைத் தாண்டிக் கூடத்துக்கு நகர்ந்தால் நிலைப்படி குறுக்கே வந்தது. "போட்டோ எடுக்கறயா, பல்லாங்குழி ஆடறயா? ஒரு இடத்துல நில்லேண்டா" என்றாள் அக்கா.

எங்கே தப்பு? ஐம்பது என்ற சிபாரிசு ஃபிலிம் காலத்திலிருந்து அப்படியே வந்தது. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் வாழ்நாளில் பெரும்பாலான படங்களை லைக்கா கேமராவில் 50 எம்.எம். லென்ஸ் ஒன்றை வைத்தே எடுத்தவர். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தவரும் அவர்தான். அவருக்கு ஐம்பது போதுமென்றால் நமக்குப் போதாதா என்று தோன்றும். ஆனால் அவருடைய ஃபிலிம் சட்டம் 36 எம்.எம். அகலம். நம்மிடம் இருக்கும் சாதாரண டிஜிட்டல் எஸ்.எல்.ஆரின் சென்சார் ஏறக்குறைய 24 எம்.எம். அகலம்தான். ஓரங்கள் வெட்டுப்பட்டுவிடும். நிக்கானில் ஒன்றரை மடங்கு, கேனனில் 1.6 மடங்கு என்று கணக்குச் சொல்வார்கள். நம் கேமராவில் ஐம்பதை மாட்டினால் அது ஃபிலிம் கேமராவில் 75 எம்.எம். லென்ஸ் பார்ப்பதைத்தான் பார்க்கும். கார்த்தியே-பிரெஸ்ஸோன் பார்த்த அளவு நமக்கு வேண்டுமானால் 33 எம்.எம். வேண்டும். கடையில் கிடைப்பதில் அதற்கு மிக அருகில் இருப்பது 35.

அடிக்கணக்கில் சொன்னால் இன்னும் புரியும். எட்டடி தூரத்தில் நின்று நிக்கானைப் படுக்கையாகப் பிடித்தால், 50 எம்.எம். லென்ஸில் நாலடிக்கும் குறைவான அகலமும் இரண்டரை அடி உயரமும்தான் விழும். 35 எம்.எம்.-ல் ஐந்தே கால் அடிக்கு மேல் அகலம், மூன்றரை அடி உயரம். தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணி, மடியில் கூடை, பக்கத்தில் வாழைநார், மேலே ஜன்னலின் கீழ்ப்பாதி. இவ்வளவும் இரண்டாவது சட்டத்தில் அடங்கும். முதலாவதில் அடங்காது.

என் கட்சி இதுதான். தஞ்சாவூர்ப் பக்கத்து வீட்டுக்குள் எடுப்பதற்கு, சாதாரண டிஜிட்டல் எஸ்.எல்.ஆருக்கு, ஒரே ஒரு பிரைம் லென்ஸ் வாங்குவதானால் 35 எம்.எம். எஃப் 1.8. ஐம்பது அல்ல. நிக்கானில் அதன் முழுப்பெயர் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 எம்.எம். எஃப் 1.8 ஜி. 2009-ல் வந்தது. எடை 200 கிராம். கழுத்துவலிக்காரர்களுக்கும் பாதகமில்லை. அதில் நடுக்கம் தடுக்கும் வசதி கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தூணிலோ நிலையிலோ சாய்ந்துகொண்டு, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு எடுத்தால் அந்தக் குறை பெரிதாகத் தெரிவதில்லை.

கேனன்காரர்களுக்கு இவ்வளவு சுலபமான பதில் இல்லை. அந்தச் சின்ன சென்சாருக்கென்று மலிவான 35 எஃப் 1.8 லென்ஸைக் கேனன் போடவே இல்லை. 35 எம்.எம். எஃப் 2 ஒன்று உண்டு, நடுக்கம் தடுக்கும் வசதியோடு. நல்ல லென்ஸ், விலைதான் கை கடிக்கும். இன்னொன்று இஎஃப்-எஸ் 24 எம்.எம். எஃப் 2.8, அப்பளம் போலத் தட்டையானது, விலையும் குறைவு. எஃப் 1.8 தரும் வெளிச்சத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் தரும். ஆனால் சின்ன அறையில் தாராளமாகப் பார்க்கும். வீடு ரொம்பக் குறுகல் என்றால் இதையும், பழைய காலத்து அகலமான கூடம் என்றால் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸையும் கேனன்காரர்கள் யோசிக்கலாம்.

என் கட்சிக்கு எதிர்க்கட்சியும் உண்டு. புல்தரையிலேயே நாலு பேர் எழுந்துவிட்டார்கள்.

"கோயிலுக்கு எது சார் வேணும்?" என்றார் ஒருவர். கோயிலுக்கு இந்த லென்ஸே வேண்டாம் என்றேன். லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1858-ல் நம் பெரிய கோயிலைப் படம் எடுத்தார். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கியிருக்கிறார். அந்தக் காலத்து நெகட்டிவுக்கு வெகு நேரம் வெளிச்சம் வேண்டும். அவருக்கு அதனால் கஷ்டமில்லை, ராஜராஜன் வைத்த கல் அசையாது. 160 வருஷம் கழித்துப் போனாலும் அந்தக் கல் அங்கேயே இருக்கிறது. காலையில் வெளிச்சம் போதவில்லையென்றால் மத்தியானம் போகலாம். இந்த வருஷம் முடியவில்லையென்றால் அடுத்த வருஷம் போகலாம். பெரிய துவாரத்துக்குப் பணம் கொடுப்பது அசைகிற பொருளுக்காக. கல்லுக்கு 18-55 தாராளம்.

"உள்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியம்?" என்றார் இன்னொருவர். நியாயமான கேள்வி. கருவறையைச் சுற்றிய அந்த இருட்டுப் பாதையில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்துச் சொன்னார். இருட்டில் எடுக்க அதைவிடப் பெரிய சவால் கிடையாது. ஆனால் அங்கே நம்மை விடுவதில்லை. விடாததும் சரிதான். ஒவ்வொருவரும் ஃபிளாஷ் அடித்தால் ஓவியம் என்ன ஆகும்? அந்த ஒரு படத்துக்காக லென்ஸ் வாங்க வேண்டாம்.

மூன்றாவது ஆள் கச்சேரி ரசிகர். திருவையாறு ஆராதனை, மெலட்டூர் பாகவத மேளா என்று ஒன்று விடமாட்டார். இவரிடம் நான் தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறேன். பந்தலில் பத்தாவது வரிசையில் உட்கார்ந்து 35-ல் எடுத்தால் முன்வரிசைத் தலைகள்தான் கிடைக்கும். மெலட்டூரில் ராத்திரி முழுக்க நடக்கும் நாடகத்தில் மேடை விளக்கில் பாத்திரத்தின் முகத்தைப் பிடிக்க வேண்டுமானால் ஐம்பதோ, இன்னும் நல்லதாக 85 எஃப் 1.8-ஓ வேண்டும். ஆகவே மேடைக்காரர் ஐம்பதை வாங்கட்டும். ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். வருஷத்தில் மேடைக்கு எதிரில் எத்தனை ராத்திரி, வீட்டுக்குள் எத்தனை ராத்திரி?

எஃப் 1.4 இன்னும் நல்லதல்லவா என்று கேட்பவர்களும் உண்டு. 1.8-ஐவிட அதில் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் வெளிச்சம் வரும். விலையோ பல மடங்கு. ஸ்டான்லி குப்ரிக் என்ற இயக்குநர் 1975-ல் வெளியான தன் 'பாரி லிண்டன்' படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காட்சி எடுக்க, நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்ஸைத் தேடிப் பிடித்தார். ஆசைக்கு அளவு கிடையாது. பென்ஷன்காரனுக்கு 1.8-ல் நிறுத்திக்கொள்வது விவேகம்.

கடைசி எதிர்ப்பு என் பேத்தியுடையது. "தாத்தா, போன்லயே எடுக்கலாமே!" சரிதான். இப்போதைய போன்கள் பல படங்களை ஒரே நொடியில் எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, இருட்டிலும் ஒரு நல்ல படம் கொடுத்துவிடுகின்றன. போன் கேமராவிலும் எஃப் 1.8 என்று போட்டிருப்பார்கள். ஆனால் அதன் சென்சார் சுண்டுவிரல் நகத்தளவு. துவாரமும் அதற்குத் தக்க சின்னது. மொத்த வெளிச்சம் குறைவு. மீதியைக் கணக்குப் போட்டு நிரப்புகிறது. ஓடும் விரல்களில் அந்தக் கணக்கு சில சமயம் தப்பிவிடும். கேமரா இல்லாதவர் இதற்காக ஒன்று வாங்க வேண்டாம். அலமாரியில் ஏற்கெனவே ஒன்று தூங்குகிறது என்றால், ஒரு சின்ன லென்ஸ் அதை எழுப்பிவிடும். கம்பெனிகளும் இளைஞர்களும் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால் பழைய எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் கைமாற்றில் சகாயமாகக் கிடைக்கின்றன.

கைமாற்றில் வாங்கும்போது நம் ஊரில் பார்க்க வேண்டியது பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பெட்டிக்குள் பூட்டி வைத்த லென்ஸில் கண்ணாடிக்கு உள்பக்கம் சிலந்தி வலை மாதிரி படரும். ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வாங்கிய பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஈரம் உறிஞ்சும் என்று ஒருவர் அரிசிக்குள் புதைத்து வைத்தார். நெற்களஞ்சியத்துக்காரர் புத்தி! தவிட்டுத்தூள் ஃபோகஸ் வளையத்துக்குள் புகுந்து, திருப்பினால் நறநறவென்றது. அரிசி சாப்பாட்டுக்கு மட்டும் போதும்.

என் பேச்சை நம்பி உடனே பணம் போட வேண்டாம். இருக்கிற ஜூம் லென்ஸை 35-ல் வைத்து, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் வீட்டுக்குள் அப்படியே எடுங்கள். அடுத்த வாரம் 50-ல் ஒட்டுங்கள். படம் கலங்கினால் கலங்கட்டும். உங்களுக்கு வேண்டியவர்கள் சட்டத்துக்குள் அடங்குகிறார்களா, பின்னால் நகர இடமிருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் வீடே பதில் சொல்லிவிடும். நான் இதைச் செய்திருந்தால் 2014-ல் அந்த ஐம்பதை வாங்கியிருக்க மாட்டேன்.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். பார்வைத் துவாரத்தின் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். அதைத் திருப்பி, உள்ளே தெரியும் எண்கள் தெளிவாகும்படி வைத்துக்கொள்ளுங்கள். கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள் ஆன பிறகு மறுபடி சரிசெய்ய வேண்டும். இது தெரியாமல் கேமராவைக் குறை சொன்னவர்கள் எனக்கு மூன்று பேரைத் தெரியும். இன்னொன்று, 1.8 கிடைத்துவிட்டதே என்று எல்லாவற்றையும் அதிலேயே எடுக்கக் கூடாது. ஐந்தடி தூரத்தில் 35-ஐ 1.8-ல் திறந்தால், முன்னும் பின்னுமாகப் பதின்மூன்று சென்டிமீட்டர்தான் கூர்மையாக இருக்கும். ஒரு சாண்கூட இல்லை. தனி ஆளுக்குக் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் சரியாக இருக்கும். அக்காவையும் பேத்தியையும் முன்பின்னாக உட்கார வைத்து 1.8-ல் எடுத்ததில் பேத்தி பளிச்சென்று இருக்கிறாள், அக்கா மூடுபனிக்குள் இருக்கிறாள். இரண்டு பேருக்கு மேல் என்றால் எஃப் 4-க்குக் கொண்டுவந்து, ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்து எடுங்கள்.

நான் 35-ஐ வாங்கியது 2015 ஐப்பசியில், தீபாவளிக்கு முன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அக்கா வீட்டுக்குப் போனேன். நாலு மணி. அதே ஜன்னல், அதே கூடை. எதிர்ச்சுவரில் சாய்ந்துகொண்டு எடுத்தேன். நகர வேண்டியிருக்கவில்லை. அக்காவும் ஃபிளாஷ் வரவில்லை என்பதால் நான் எடுப்பதையே மறந்துவிட்டுப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு விரல் நாரை இழுத்திருக்கிறது. அடுத்த விரல் பூவின் காம்பை மடக்கியிருக்கிறது. ஜன்னல் கம்பியின் நிழல் புடவையில் விழுந்திருக்கிறது. பின்னால் அத்திம்பேரின் டிரங்குப் பெட்டி, அதன்மேல் மடித்து வைத்த ஜமக்காளம்.

காட்டினேன். கேமராவைக் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். "அம்மா கை மாதிரி இருக்குடா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

பங்குனியில் அக்கா போய்விட்டாள். அடுத்த வருஷம் வீடும் கைமாறியது. வாங்கினவர்கள் இடித்துவிட்டு மாடி கட்டியிருக்கிறார்கள். முற்றம் இல்லை, காமிரா உள்ளும் இல்லை. அந்த அறைக்குள் எடுத்ததில் பார்க்கும்படி என்னிடம் இருப்பது பதினோரு படம். எல்லாம் அந்த ஐந்து மாதத்தில் எடுத்தவை. பெரிய கோயில் படம் ஆயிரத்து நானூறு என்று முன்பே சொன்னேன். அதில் எதையாவது அழித்துவிட்டால், நாளைக் காலையில் நடந்து போய் மறுபடி எடுத்துக்கொண்டு வரலாம்.

நண்பர் நேற்று டேப் எடுத்து அளந்துவிட்டு வந்தார். அவர் வீட்டில் இருட்டான இடம் சமையலறையாம். ஒன்பதடிக்கு ஏழடி. "அதுல யாரு சார் இருப்பாங்க?" என்று கேட்டேன். "என் சம்சாரம்தான், வேற யாரு? நாற்பத்தோரு வருஷமா" என்றார். முப்பத்தைந்தே வாங்குங்கள், தீபாவளிக்கு முன்னாலேயே வாங்குங்கள் என்றேன்.